எழுதவும் பிழை திருத்தவும் சாட்பாட்: சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் அச்சகங்களுக்கும் டிடிபி கடைகளுக்கும் புரூஃப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கல்லூரி ஆண்டு மலர், ஆய்வேடு, சங்கத்துக்குக் கொடுக்கும் மனு என்று எல்லாம் வரும். கொஞ்ச காலமாக, என் கைக்கு வருகிற மேட்டரில் நிறைய ஏற்கெனவே ஏதோ ஒரு சாட்பாட்டில் கொடுத்துத் திருத்தி வாங்கியதாக இருக்கிறது. சிலது நன்றாக வந்திருக்கிறது. சிலது எழுதியவருக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியிருக்கிறது. வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றையும் என் பதில்களையும் எழுதி வைத்துவிட்டால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: பயன்படுத்தலாமா, கூடாதா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் பிழையைக் காட்டச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் திருத்தி எழுதச் சொல்லாதீர்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், விளைவு வேறு. கீழே வருகிற பதில்களில் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான்.

எந்த சாட்பாட் நல்லது?

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளியானது. அதற்குப் பிறகு ஜெமினி, கிளாட், கோபைலட் என்று வரிசையாக வந்துவிட்டன. எல்லாமே ஓரளவு இலவசமாகக் கிடைக்கின்றன, எல்லாமே தமிழ் படிக்கும், எழுதும். இன்றைக்கு நான் ஒன்றைச் சிறந்தது என்று சொன்னால், ஆறு மாதத்தில் அது மாறிவிடும். ஒரே பத்தியை இரண்டில் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தைத் தவறு என்று சொன்னால் அந்த இடத்தைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று மட்டும் சொன்னாலும் அகராதியைத் திறந்து பாருங்கள்.

"பிழை திருத்து" என்றுதான் கேட்டேன். ஏன் மொத்தக் கடிதத்தையும் மாற்றிவிடுகிறது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

சாட்பாட் நம்மைப் போல வரியின் மேல் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று பழகியிருக்கிறது. நீங்கள் திருத்தச் சொன்னால், உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, அதே பொருளில் ஒரு புதுக் கடிதத்தைத் தொடக்கத்திலிருந்து எழுதுகிறது. உங்கள் வரி அப்படியே இருந்தால், அதுவும் மறுபடி எழுதிய வரிதான். அதனால் எழுதும்போது வழக்கமான பாதைக்கு, அதாவது இணையத்தில் அதிகம் புழங்குகிற அலுவலகத் தமிழுக்கு, தானாகவே சாய்ந்துவிடுகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கொண்டலாம்பட்டிப் பக்கம் பட்டுத்தறி வைத்திருக்கிற ஒருவர், நூல் கொடுத்த இடத்துக்கு இப்படி எழுதியிருந்தார்:

"போன மாசம் குடுத்த ஊடை நூல் அடிக்கடி அறுந்து போகுது. ஒரு சேலை ஓட்டறதுக்குள்ள பத்து தடவை முடிச்சு போட வேண்டியிருக்கு. நூலை மாத்திக் குடுங்க."

அவர் மகன் அதை சாட்பாட்டில் கொடுத்து வாங்கியது இது:

"கடந்த மாதம் வழங்கப்பட்ட உடை நூலின் தரம் தொடர்பாக எனது ஆழ்ந்த கவலையைத் தெரிவித்துக்கொள்ள விரும்புகிறேன். இது உற்பத்தித் திறனைக் கணிசமாகப் பாதிக்கிறது. தாங்கள் இதனைக் கனிவுடன் பரிசீலித்துத் தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

எழுத்துப் பிழை என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆனால் என்ன காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். தறியில் குறுக்கே ஓடுகிற ஊடை, உடுத்துகிற உடையாகிவிட்டது. நூல் அறுகிறது என்ற விஷயமே இல்லை. பத்து தடவை என்ற கணக்கு இல்லை. நூலை மாற்றிக் கொடுங்கள் என்ற கோரிக்கை, "தக்க நடவடிக்கை" என்று கரைந்துவிட்டது. இதைப் படிக்கிற மேலாளருக்கு என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாது. அந்தக் கடிதத்துக்குத் தேவைப்பட்ட திருத்தம் இவ்வளவுதான்:

"போன மாதம் கொடுத்த ஊடை நூல் அடிக்கடி அறுந்து போகிறது. ஒரு சேலை நெய்து முடிப்பதற்குள் பத்துத் தடவை முடிச்சுப் போட வேண்டியிருக்கிறது. நூலை மாற்றிக் கொடுங்கள்."

எழுத்து வழக்குக்கு மாறியிருக்கிறது, இரண்டு இடத்தில் ஒற்று வந்திருக்கிறது. தறிக்காரர் சொன்னது முழுதாக இருக்கிறது. இந்த மாதிரி திருத்தத்தையும் சாட்பாட்டிடம் வாங்க முடியும். கேட்கிற விதத்தில்தான் இருக்கிறது.

அப்படியானால் எப்படிக் கேட்பது?

நான் கேட்கிற வாசகத்தை அப்படியே தருகிறேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"கீழே உள்ள பத்தியை மாற்றி எழுதாதே. எழுத்துப் பிழை, சந்திப் பிழை, ஒருமை பன்மைப் பிழை மூன்றை மட்டும் பார். ஒவ்வொரு பிழைக்கும் என் வரியில் உள்ள சொல், நீ சொல்லும் திருத்தம், காரணம் மூன்றையும் தனித்தனி வரியில் கொடு. பெயர், ஊர்ப்பெயர், எண், தேதி எதையும் தொடாதே. சந்தேகம் இருந்தால் 'சந்தேகம்' என்று போடு."

கடைசி வரி முக்கியம். அது இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே அளவு உறுதியோடு சொல்லும். இருந்தாலும் சில சமயம் அப்படித்தான் சொல்கிறது, ஆனால் குறைகிறது.

இன்னும் ஒன்று: இது யாருக்குப் போகிறது, என்ன வகை எழுத்து என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "இது ஊர்க் கோவில் திருவிழா நோட்டீஸ், பெரியவர்கள் படிப்பார்கள்" என்று சொன்னால் கிடைக்கிற பதிலும், ஒன்றும் சொல்லாமல் ஒட்டினால் கிடைக்கிற பதிலும் ஒன்றல்ல. தொழில் சொற்கள் இருந்தால் அவற்றையும் எழுதிக் கொடுங்கள்: "பாவு, ஊடை, நாடா, தார் எல்லாம் நெசவுச் சொற்கள், சரியானவை." கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கும் இதே யோசனைதான். ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் "குச்சிக்கிழங்கு" என்று எழுதியிருந்தால் அது சேலத்துப் பெயர் என்று சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் மரவள்ளி ஆகிவிடும். மரவள்ளி தவறில்லை, ஆனால் நம் ஊர் விவசாயிக்குப் போகிற துண்டுப் பிரசுரத்தில் அவர் வாயில் வருகிற சொல் இருப்பதுதான் அழகு.

ஒற்று விஷயத்தில் நம்பலாமா?

முழுதாக நம்ப முடியாது. வேற்றுமை உருபு வெளிப்படையாக நிற்கிற இடங்களை நன்றாகவே பிடிக்கிறது. "கடையை திறந்தார்", "சேலத்துக்கு போனேன்" என்று கொடுத்தால் "கடையைத் திறந்தார்", "சேலத்துக்குப் போனேன்" என்று சரியாகவே வரும்.

சிக்கல், ஒற்று வேண்டாத இடங்களில். "எழுதிய கடிதம்", "படித்த பெண்", "வந்த பிறகு" மூன்றிலும் முதல் சொல் பெயரெச்சம்; வல்லினம் மிகாது. ஆனால் இணையத்தில் "எழுதியக் கடிதம்", "வந்தப் பிறகு" என்று எழுதுகிறவர்கள் ஏராளம். அதைப் படித்துத்தானே இதுவும் வளர்ந்திருக்கிறது? நாம் செய்கிற தவறை நமக்கே திருப்பிக் கொடுக்கிறது. "வெற்றிலை பாக்கு" மாதிரி உம்மைத்தொகையிலும் இதே கதைதான்.

சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வரி இருக்கிறது, 391ஆம் குறள்: "கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக." இதில் "கற்க" என்பது வியங்கோள், கற்பீராக என்று பொருள். வியங்கோளுக்குப் பின்னால் வல்லினம் மிகாது; அதனால் "கற்க கசடற". அடுத்து வருகிற "கசடற" வினையெச்சம். அங்கே மிகும், "கசடறக் கற்பவை". "அதற்கு" நான்காம் வேற்றுமை; மிகும், "அதற்குத் தக". "கற்க", "கசடற" இரண்டு சொல்லும் 'அ' ஓசையில்தான் முடிகின்றன, ஒன்றில் ஒற்று உண்டு, ஒன்றில் இல்லை. பொருளைப் பார்க்காமல் ஓசையை மட்டும் பார்க்கிறவர், அது மனிதரோ மென்பொருளோ, இங்கே "கற்கக் கசடற" என்று எழுதிவிடுவார். பள்ளிச் சுவர்களில்கூட அப்படி எழுதியிருக்கிறார்கள். உங்கள் சாட்பாட்டிடம் இந்தக் குறளில் எங்கே ஏன் ஒற்று மிகுகிறது என்று கேளுங்கள். அது சொல்கிற காரணத்தைக் கவனியுங்கள். திருத்தம் சரியாக இருந்து காரணம் தவறாக இருந்தால், அடுத்த வரியில் அது தடுக்கி விழும் என்று அர்த்தம்.

சந்திப் பிழைக்கென்றே தமிழில் விதிப்படி ஓடுகிற கருவிகள் இருக்கின்றன. நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதுபவர் உருவாக்கிய நாவி சந்திப் பிழைக்கு, வாணி எழுத்துப் பிழைக்கு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அவை வாக்கியத்தை மாற்றி எழுதாது, சொல்லைச் சுட்டிக்காட்டும், முடிவை உங்களிடம் விட்டுவிடும். நான் முதலில் இவற்றில் ஓட்டிவிட்டு அப்புறம்தான் சாட்பாட்டுக்குப் போவேன்.

ல, ள, ழ; ர, ற; ன, ண பிழைகளை?

இதில் சாட்பாட் கெட்டி. பழைய பிழைதிருத்திக்கு "மனம்", "மணம்" இரண்டும் அகராதியில் இருக்கிற சொற்கள்; எது எங்கே வர வேண்டும் என்று தெரியாது. சாட்பாட் சுற்றியுள்ள சொற்களைப் பார்க்கிறது. "அறை கிலோ சர்க்கரை" என்று இருந்தால் "அரை" என்று சொல்லிவிடும். குரலில் பேசித் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் அங்கே ல, ழ குழப்பம் நிறைய வரும்.

ஊர்ப்பெயரிலும் ஆள்பெயரிலும் மட்டும் கையை வைக்க விடாதீர்கள். எடப்பாடி என்றும் எழுதுகிறார்கள், இடைப்பாடி என்றும் எழுதுகிறார்கள். ஒரே நோட்டீஸில் இரண்டும் வந்தால்தான் தவறு. கருப்பண்ணன் என்று ஆதார் அட்டையில் இருந்தால் அவர் கருப்பண்ணன்தான், றகரம் சரியா ரகரம் சரியா என்ற விவாதத்துக்கு அங்கே இடமில்லை.

நான் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிறதே?

நல்ல கேள்வி. "இது தவறுதானே?" என்று கேட்டால் தவறு என்று சொல்லும். கொஞ்ச நேரம் கழித்து "இது சரிதானே?" என்று கேட்டால், அதையும் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்கும். கேட்கிறவரின் மனசுக்கு ஒத்துப்போகும்படி பழக்கப்பட்டிருக்கிறது. அதனால் உங்கள் கருத்தை மறைத்துக் கேளுங்கள்: "இந்த இரண்டு வடிவங்களில் எது சரி, ஏன்?" முடிந்தால் புது உரையாடலைத் திறந்து மறுபடி கேளுங்கள். இரண்டு தடவையும் ஒரே பதில் வந்தால் கொஞ்சம் நம்பலாம். மாறி மாறி வந்தால் அகராதியைத் திறங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் அகராதிகள் இலவசமாகவே இருக்கின்றன.

கல்யாணப் பத்திரிகை எழுதித் தரச் சொல்லலாமா?

வாசகம் கேட்கலாம். விவரங்களை அதன் கையில் விடக் கூடாது.

தமிழ் வருடப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 14இல் தொடங்கியது விசுவாவசு, 2026 ஏப்ரலில் பிறந்தது பராபவ. அறுபது வருடச் சுற்று என்பதால் கணக்கு எளிதுதான், ஆனாலும் சாட்பாட் ஒரு வருடம் முன்பின் தள்ளிப் போட்டுவிடும். நட்சத்திரம், திதி, லக்னம் எல்லாம் பஞ்சாங்கக் கணக்கு. அது கணக்குப் போடாமல், பார்த்த பத்திரிகைகளில் இருப்பதுபோல ஏதோ ஒன்றை நிரப்பிவிடும். படிக்க மிகச் சரியாக இருக்கும், அதுதான் ஆபத்து. முகூர்த்தம் குறித்துக் கொடுத்த தாளில் இருக்கிறதை அப்படியே எழுதுங்கள். ஆங்கிலத் தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று நாட்காட்டியில் பாருங்கள்.

அதைவிடப் பெரியது உறவுமுறை. ஒரு பத்திரிகையில் தாத்தா பெயருக்கு முன்னால் "தெய்வத்திரு" என்று இருந்தது. சாட்பாட் திருத்திக் கொடுத்ததில் அது வெறும் "திரு" ஆகியிருந்தது. காலமானவரை உயிரோடு இருப்பவராகப் போட்டு ஆயிரம் பத்திரிகை அடித்திருந்தால் அந்த வீட்டில் என்ன ஆகியிருக்கும்? தாய்மாமன் பெயர் எந்த வரியில் வர வேண்டும், பெரியப்பா முன்னால் வருவதா சித்தப்பா முன்னால் வருவதா, ஊர்ப் பெயரைப் பெயருக்கு முன்னால் போடுவதா கீழே போடுவதா, இதெல்லாம் அந்தந்தக் குடும்பத்தின் மரியாதைக் கணக்கு. அச்சுக்குப் போகும் முன், வீட்டில் மூத்தவர் ஒருவரை உட்கார வைத்து, ஒருவர் சத்தமாகப் படிக்க அவரைக் கேட்க வையுங்கள். இதைவிட நல்ல புரூஃப் எனக்குத் தெரியாது.

கலெக்டர் ஆபீஸ் மனு, தகவல் உரிமை மனு எழுத உதவுமா?

நன்றாகவே உதவும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போகிறவர்கள், மனு எழுதிக் கொடுக்கிறவர் கிடைக்காமல் காத்திருக்கத் தேவையில்லை. நடந்ததை நடந்த வரிசையில் உங்கள் சொல்லில் ஒரு முறை எழுதுங்கள்: எந்த ஊர், எந்தப் புல எண், யாரிடம் எந்தத் தேதியில் விண்ணப்பம் கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது, இப்போது என்ன வேண்டும். அப்புறம் "இதை ஒரு பக்கத்துக்குள் மனு வடிவில் அமை, என் தகவலில் எதையும் கூட்டாதே, குறைக்காதே" என்று கேளுங்கள். கோரிக்கை முதல் பத்தியிலேயே வரும்படி சொல்லுங்கள். வாங்குகிற அதிகாரிக்கு அன்றைக்கு நூற்றுக்கணக்கில் மனு வரும்.

சட்டப் பிரிவு எண்ணைத்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும். இல்லாத பிரிவை, இல்லாத அரசாணையை, எண்ணும் தேதியும் போட்டு எழுதிவிடும். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இல் மனு கொடுப்பது 6(1) பிரிவில், கட்டணம் 10 ரூபாய், சாதாரணமாக 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு 19(1), அதைக் கொடுக்க 30 நாள் கெடு. இரண்டாவது மேல்முறையீடு 19(3), அதைக் கொடுக்க 90 நாள். இவை தவிர வேறு எண் எதையாவது அது எழுதினால் சட்டத்தைத் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே வைத்திருக்கிறேன். ஆங்கிலத்திலும் தமிழிலும் அறிமுகம் எழுத வேண்டும்.

ஆங்கிலம் பளபளவென்று வரும். பிரச்சினை, எந்த மலைக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற மாதிரி வரும் என்பதுதான். அப்படி ஒருவருக்கு வந்ததில் பனி மூடிய சிகரங்கள் இருந்தன. ஏற்காட்டில் மூடுபனி உண்டு, பனிச்சிகரம் ஏது? ஊர் இருக்கிற உயரம் சுமார் 1,515 மீட்டர்தான். இன்னொன்றில் ஆண்டு முழுவதும் காபிப் பூ மணம் என்று இருந்தது. காபி பூப்பது கோடை மழை விழுந்த பிறகு, அதுவும் சில நாட்கள்தான். அந்த வரியை நம்பி நவம்பரில் வருகிறவர் உங்கள் பக்கத்தில் என்ன விமர்சனம் எழுதுவார்?

அதனால் விஷயத்தை நீங்கள் கொடுங்கள். சேலத்திலிருந்து வருகிற மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, வாந்தி வருகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. குப்பனூர் வழியாகவும் ஒரு பாதை உண்டு. ஏரியிலிருந்து உங்கள் வீடு எவ்வளவு தூரம், கார் வாசல் வரை வருமா, சுடுதண்ணீர் எத்தனை மணி வரை, தோட்டத்தில் மிளகு எந்த மரத்தில் ஏறியிருக்கிறது, மே மாதம் சேர்வராயன் கோவில் திருவிழாச் சமயத்தில் கூட்டம் எப்படி இருக்கும். இதையெல்லாம் நீங்கள் சொன்னால் அது அழகாகக் கோத்துக் கொடுக்கும்.

தமிழுக்கு அந்த ஆங்கிலத்தையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். "இயற்கையின் மடியில் உங்கள் மறக்க முடியாத அனுபவத்தைத் தொடங்குங்கள்" என்றுதான் வரும். தமிழ்க் குடும்பம் அறை எடுக்கும் முன் போனில் என்ன கேட்பார்களோ, அதற்கான பதிலைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்துப் பிழை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். "இரண்டு குடும்பம் தாராளமாகத் தங்கலாம். சமையல் நாங்களே செய்து தருவோம், முதல் நாள் சொல்லிவிட்டால் போதும்." இது போதும், இதுதான் வேலை செய்யும்.

கல்லூரியில் படிக்கிறேன். ஆய்வேட்டில் பயன்படுத்தினால் மாட்டிக்கொள்வேனா?

தம்பி, தங்கை யாராக இருந்தாலும், மாட்டிக்கொள்வோமா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் நெறியாளரிடமும் துறையிடமும் என்ன அனுமதி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிழை திருத்த அனுமதி இருக்கலாம், எழுத அனுமதி இல்லாமல் இருக்கலாம். பயன்படுத்தியதை முன்னுரையில் ஒரு வரியில் சொல்லிவிடுவது நேர்மை.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டு விதிகளின்படி, 10 சதவீதம் வரை ஒத்துப்போவதற்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40, 60 என்று படிப்படியாக நடவடிக்கை கூடும். இந்த விதி மற்றவர் எழுத்தோடு உள்ள ஒற்றுமையைப் பற்றியது. சாட்பாட் எழுதியதா என்று கண்டுபிடிக்கிற கருவிகள் வேறு, அவை அவ்வளவு நம்பகமானவை அல்ல. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் எடுத்துவிட்டது. அவர்களுடைய சோதனையிலேயே இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது அடையாளம் கண்டது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று தவறாகச் சொன்னது. அதனால் உங்கள் வரைவுகளைத் தேதிவாரியாகச் சேமித்து வையுங்கள். சந்தேகம் வந்தால் நீங்கள் எழுதியதற்கு அதுதான் சாட்சி.

மேற்கோள் பட்டியலை மட்டும் அதனிடம் கேட்கவே கேட்காதீர்கள். இல்லாத நூலுக்கு ஆசிரியர், பதிப்பகம், பக்க எண் எல்லாம் தரும். குறள் கேட்டாலும் வேறு எண், சில சமயம் குறள் போலவே ஓசையுள்ள இல்லாத வரி. மொத்தம் 1330தான், சரிபார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

படித்தாலே சாட்பாட் எழுதியது என்று உங்களுக்குத் தெரிந்துவிடுமா?

உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் "இன்றைய வேகமான உலகில்", "முக்கியப் பங்கு வகிக்கிறது", "என்பது குறிப்பிடத்தக்கது", "வெறும் உணவு மட்டுமல்ல, அது ஓர் உணர்வு" என்று வந்தால் அடிக்கோடிட்டு, "இங்கே நீங்கள் சொல்ல வந்தது என்ன?" என்று ஓரத்தில் எழுதுவேன். தட்டுவடை செட்டைப் பற்றிய ஒரு கட்டுரையில் அந்தக் கடைசி வரி இருந்தது. எழுதிய பெண்ணிடம் கேட்டேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வைத்து, நொறுங்காமல் ஒரே வாயில் எப்படிப் போட வேண்டும் என்று கையால் செய்தே காட்டினார். "அதை எழுதும்மா" என்றேன். எழுதினார். மலரில் எல்லோரும் படித்த கட்டுரை அதுதான்.

பழைய ஃபைல்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. ஒட்டினால் குப்பையாக வருகிறதே?

பாமினி மாதிரி எழுத்துருக்களில் திரையில் தமிழ் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்ற வேண்டும். இணையத்தில் இலவச மாற்றிகள் நிறைய உண்டு. தமிழக அரசு 2010லேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. மாற்றியபின் கொம்பு, கால் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அப்புறம் ஒட்டுங்கள்.

நீளமான மேட்டரை மொத்தமாகக் கொடுக்கலாமா?

வேண்டாம். நீளம் கூடக் கூட நடுவில் வரியை விழுங்கும், சில சமயம் ஒரு பத்தியே போய்விடும். இரண்டு மூன்று பத்தியாகக் கொடுங்கள். திருத்தி வாங்கியதையும் மூலத்தையும் வேர்டில் உள்ள ஒப்பிடும் வசதியில் போட்டுப் பாருங்கள். எங்கே என்ன மாறியது என்று நிறத்தில் காட்டிவிடும். கண்ணால் தேடினால் தப்பிவிடும்.

எதையெல்லாம் அதில் ஒட்டக் கூடாது?

ஆதார் எண், வங்கிக் கணக்கு, பத்திர நகல், மருத்துவ அறிக்கை, மற்றவர் அந்தரங்கம். மனுவில் பெயர் இருக்கிற இடத்தில் "மனுதாரர்", புல எண் இருக்கிற இடத்தில் "க" என்று போட்டுக் கொடுத்துவிட்டு, கடைசியில் உங்கள் கணினியில் மாற்றிக்கொள்ளுங்கள். நம் உரையாடலை அடுத்த சாட்பாட்டைப் பழக்குவதற்கு எடுக்காமல் தடுக்க அமைப்புகளில் பெரும்பாலும் ஒரு வசதி இருக்கும், தேடி அணைத்துவிடுங்கள். டிடிபி கடைக் கணினியில் உங்கள் கணக்கில் நுழைந்தால் வெளியேற மறக்காதீர்கள்.

கண்ணீர் அஞ்சலி, நினைவு மலருக்கு எழுதச் சொல்லலாமா?

பிழை பார்க்க மட்டும். அம்மாவைப் பற்றி அது எழுதினால், எல்லோருடைய அம்மாவும் போல அன்பே உருவானவராகத்தான் இருப்பார். உங்கள் அம்மா விடிகாலையில் அம்மாப்பேட்டையிலிருந்து பூக்கூடையோடு நடந்தே கடைவீதிக்குப் போனவர் என்றால், அதை நீங்கள்தான் எழுத முடியும். தப்பும் தவறுமாக எழுதிக் கொண்டுவாருங்கள், பரவாயில்லை. பிழையைத் திருத்த நான் இருக்கிறேன், நாவி இருக்கிறது, சாட்பாட்டும் இருக்கிறது.

அச்சில் தவறு வந்தால் யார் பொறுப்பு?

கடைசிப் புரூஃபில் கையெழுத்துப் போட்டவர். அதனால் கையெழுத்துப் போடும் முன் திரையில் பார்க்காமல் தாளில் எடுத்துப் பாருங்கள். பெயர்கள், தேதி, கிழமை, நேரம், இடம், போன் எண், இந்த ஆறையும் மூலத் தாளோடு வைத்து ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். போன் எண்ணை ஒரு முறை டயல் செய்தே பார்த்துவிடுங்கள். அச்சுக்குப் பிளேட் போட்ட பிறகு தவறு என்று வந்தால் அச்சகத்தில் ஒன்றும் செய்ய முடியாது.